நாணல்குடிச் சாத்தி சொல்லாத பெயர்

நலம் பெருகுக. பருவம் தவறாது மழை பொழிக. ஆற்றின் இரு கரையும் வாழ்க.

நெடுவாயாற்றின் தென்கரையில் புன்னைத்துறை நாட்டைக் காத்தருள்பவரும், உப்பும் முத்தும் குறையாத கடலுக்கு உரியவரும், கொடுப்பதற்கு நீட்டிய கையை மடக்கி அறியாதவருமான எழினித்தேவர் திருமுன்பு, வடகரைக் குவளைநாடு உடைய சேந்தங்கோமான் ஆணைப்படி, அவர் அவையிலேயே தலை நரைத்துப்போன ஓலைநாயகம் காடவிடங்கன் வணங்கி எழுதி விடுத்த ஓலை.

தங்கள் அரண்மனையில் அரசியாரும், புதிதாகப் பிறந்த இளவரசும், யானைக் கொட்டாரத்தில் நோயுற்றிருந்த பட்டத்து யானையும் நலமெய்தியிருக்க இறைவனை வேண்டுகிறோம். இவ்விடத்தில் ஏரிகள் நிறைந்தன. நெல் களம் சேர்ந்தது. தாங்கள் அனுப்பி வைத்த மருத்துவர் காய்ச்சித் தந்த தைலத்தால் கோமானின் பல்வலி முற்றிலும் நீங்கி, இப்போது கரும்பையே கடித்துத் தின்கிறார் என்பதையும் மறவாமல் எழுதச் சொன்னார்.

இனி, செய்தி. இவ்வோலை எல்லைக்கல்லைப் பற்றியதன்று. சுங்கத்தைப் பற்றியதன்று. தங்கள் தந்தையாரும் எங்கள் பெரிய கோமானும் எதற்காகப் போர் புரிந்தார்களோ, அந்த ஆற்றிடைத் திட்டைப் பற்றியதும் அன்று. அதில் இப்போது இரு நாட்டு எருமைகளும் ஒன்றாகப் படுத்துக் கிடக்கின்றன. இது ஒரு பெண்ணின் வாயில் இருபது ஆண்டுகளாகச் சிக்கிக் கிடக்கும் ஒரு சொல்லைப் பற்றியது. அரச ஓலைக்கு இது தகுமா என்று நினைத்து இதைச் சுருட்டி வைத்துவிட வேண்டாம். கடைசி வரி வரை வாசிக்கச் செய்து கேட்டருள வேண்டும்.

அதைச் சொல்லுமுன் எங்கள் கரையின் நடப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் என்று ஒரு கிழவன் தொடங்கினால் இளையவர்கள் செருப்பைத் தேடுகிறார்கள். அது தெரிந்தும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது. இக்கிழவன் இளைஞனாக இருந்தபோது, தந்தை இருக்கும் இடத்தில் மகன் உட்காரமாட்டான். பெற்ற பிள்ளையேயானாலும் பெரியவர் முன்னே அதைத் தூக்கிக் கொஞ்சமாட்டான். தூக்கினால் வெட்கங்கெட்டவன் என்று பெயர். கணவன் முன்னே நடக்க மனைவி சற்றுத் தள்ளிப் பின்னே வருவாள். அவன் பெயரை அவள் வாய் ஒருநாளும் சொல்லாது. சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று எல்லாரும் நம்பினார்கள். அவள் பெயரை அவனும் சொல்லமாட்டான். அதற்கு ஆயுள் காரணம்கூட இல்லை, கூச்சம்தான்.

இப்போது பார்த்தால், பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கோயில் தெருவில் போகிறான் தகப்பன். மனைவி முன்னே கைவீசி நடக்க, கூடையைச் சுமந்துகொண்டு அவன் பின்னே வருகிறான். ஓலைநாயகத்தின் மருமகள் முதன்முதலாகக் கொல்லையில் நின்று கணவனைப் பெயர் சொல்லி அழைத்த அன்று, ஓலைநாயகத்துக்கு மோர்ச்சோறு புரையேறிவிட்டது. அவருடைய மனைவியோ யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிக்கொண்டு ஓடினாள். இப்போதோ, அந்த மருமகள் கூப்பிட்டால், அவன் தொழுவத்தில் இருக்கிறான் என்று அந்த அம்மாளே பதில் குரல் கொடுக்கிறாள். இது மட்டுமா? எங்கள் அரசியார் அவை கலையுமுன்னே கோமானைப் பெயர் சொல்லி அழைக்க, அமைச்சர்கள் எல்லாரும் அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தார்கள். இதை எழுதலாமா என்று தயங்கியபோது, எழுதுக என்று கோமானே சிரித்தபடி ஆணையிட்டார்.

இந்தப் பழக்கம் தங்கள் கரையிலிருந்து உப்பு வண்டிகளோடு வந்தது. தங்கள் நாட்டில் மனைவி கணவனைப் பெயர் சொல்லி அழைப்பது தொன்றுதொட்டு உள்ள வழக்கம் என்று அறிகிறோம். போர் முடிந்து வணிகம் பெருகி, பெண் கொடுத்துப் பெண் எடுத்த பிறகு அது இங்கும் பரவியது. அதில் குறை சொல்ல இக்கிழவனுக்கு இப்போது வாய் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இவ்வோலையின் பொருள்.

நாணல்குடி என்பது எங்கள் நாட்டின் மேற்கே ஓர் ஏரிக்கரை ஊர். அங்கிருந்து சாத்தி என்னும் ஒருத்தி, தன் மகள் தாழையோடும் மருமகன் மயிந்தனோடும் நடந்து வந்து கோமானின் வாயிலில் நின்றாள். அவள் சொன்னதைச் செந்தமிழாக்கினால் அது அவள் சொன்னதாக இராது என்று கோமான் கருதினார். ஆகவே அரச ஓலையில் ஊர்ப்பேச்சு புகலாகாது என்னும் மரபைத் தள்ளி, அவள் சொற்கள் சில அவள் வாயிலிருந்து வந்தபடியே இங்கே எழுதப்படுகின்றன. பொறுத்தருள்க.

சாத்தி நாணல்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்த வீடு நிறைய ஆட்கள். மாமனார், கணவனின் தமையன், தமையன் மனைவி, நாத்தனார்கள், வந்துபோகும் உறவு. அத்தனை பெண்கள் நடுவில் அவள் கணவன் வாசலில் நின்று ஒரு செருமல் செருமி, “இந்தா” என்பான். அவ்வளவுதான். அந்த ‘இந்தா’ யாருக்கு என்பதில் ஒருவருக்கும் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. சாத்தி மட்டும் எழுந்து போவாள். அவள் அவனை “என்னங்க” என்பாள். அந்த இரண்டு சொல்லுக்குள் அவர்கள் குடித்தனம் முழுவதும் நடந்தது. சண்டையும் அதற்குள்தான், சமாதானமும் அதற்குள்தான்.

பெண் குழந்தை பிறந்து தொட்டிலில் கிடந்தபோது போர் மூண்டது. ஊருக்கு ஓர் ஆள் என்று படைக்கு அழைத்ததில் நாணல்குடியிலிருந்து அவன் போனான். புறப்படும் காலையில் தகப்பனும் தமையனும் வாசலில் நிற்கிறார்கள். சாத்தி குழந்தையை ஏந்திக் கதவோரம் நிற்கிறாள். அவர்கள் முன்னே பிள்ளையை வாங்க அவனுக்குக் கை வரவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுக்க வருகிறவன்போல உள்ளே வந்து, குழந்தையின் பாதத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டுப் போனான். அப்போது அதற்குப் பெயர்கூட வைத்திருக்கவில்லை. அவன் திரும்பி வந்தபின் வைக்கலாம் என்று நினைத்து, வராததால் பிறகு தாழை என்று வைத்தார்கள். “அந்த ஒரு தொடல்தாங்க எம்மவளுக்கு அவ அப்பங்கிட்டேர்ந்து கெடச்ச சொத்து” என்று அவையில் சொன்னாள். சொன்னபோது மகள் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

போர் ஓய்ந்தது. அவன் தங்கள் கரையில் சிறைப்பட்டிருப்பதாக நாணல்குடிக்குச் செய்தி வந்தது. சிறைப்பட்டவர்களைத் திருப்பித் தரத் தங்கள் தந்தையார் பெருந்தன்மையோடு இசைந்தார். முன்பு ஒரு முறை, உறவினர் என்று பொய் சொல்லி ஆள் கடத்துவோர் வந்து, ஊர்ப்பெயரைக் கேட்டறிந்து கூவி, திடமான ஆட்களை ஓட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஆகவே இம்முறை விதி கடுமையாக இருந்தது. அழைப்பவர் சிறைப்பட்டவனின் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும். அவன் அழைத்தவரின் பெயரைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டும் பொருந்தினால் கதவு திறக்கும், ஓடம் வரும். குறித்த பகல் முடியுமுன் அழைக்கப்படாதவன் தங்கள் நாட்டு ஆளாவான். அந்த விதியில் கள்ளம் இல்லை. மனைவி கணவன் பெயரைச் சொல்லமாட்டாள் என்னும் ஒன்று தங்கள் தந்தையாருக்குத் தோன்ற வழியே இல்லை. எங்கள் தரப்பில் உடன்படிக்கை எழுதியவர்களுக்கோ, கரையில் வந்து நிற்பது மனைவியாகவும் இருக்கலாம் என்று தோன்றவில்லை.

சாத்தியைக் கூட்டிக்கொண்டு கணவனின் தமையன்தான் துறைக்குப் புறப்பட்டார். வழியில் சத்திரத்தில் அவருக்குக் கடும் காய்ச்சல் கண்டு எழ முடியாமல் போயிற்று. நீ முன்னே போ, நான் பின்னே வருகிறேன் என்று சொல்லி அவளை அனுப்பினார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் தனியே துறைக்கு வந்து சேர்ந்தாள். அங்கே அவளையோ அவள் கணவனையோ அறிந்தவர் ஒருவரும் இல்லை.

கோடையில் அவ்விடத்தில் ஆறு ஒடுங்கியிருக்கும் என்பது தாங்கள் அறிந்ததே. எதிர்க்கரையில் பனைமரத் துண்டுகளை நெருக்கி நட்ட வேலி. அதற்குப் பின்னால் ஆட்கள். முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். இக்கரை மேடையில் ஒருவர் பின் ஒருவராக ஏறி அழைத்தார்கள். தகப்பன் மகனை அழைத்தான். அண்ணன் தம்பியை அழைத்தான். வேலிக்குள்ளிருந்து பதில் பெயர் வரும், கதவு திறக்கும், ஓடம் பாதி ஆறு வருமுன்னே அழுகுரல் கிளம்பிவிடும். சாத்தியின் முறை வந்தது.

மேடையருகே நின்ற தங்கள் நாட்டு முரசறைவோன் நல்ல மனிதன் என்றே அவள் சொல்கிறாள். பெயர் சொல்லம்மா என்று பொறுமையாகத்தான் கேட்டிருக்கிறான். “எங்க வூட்டுக்காரரு” என்றாள். அந்த வேலிக்குள் இருக்கும் அத்தனை பேரும் யாரோ ஒருத்தியின் வீட்டுக்காரர்தான் என்றான். நாணல்குடிக்காரர் என்றாள். ஊரைக் கூவக்கூடாது என்பதற்காகத்தானே விதியே வந்தது என்றான். குழந்தைக்கு அப்பா என்றாள். குழந்தைக்கோ இன்னும் பெயரே வைக்கவில்லை. மாமனார் பெயரைச் சொல்லலாமே என்றால், அதையும் அவள் வாய் சொல்லாது. பின்னால் நின்ற ஒரு பெரியவர் இரக்கப்பட்டு, என் காதில் சொல்லு, நான் கூவுகிறேன் என்று தலையைச் சாய்த்தார். அவர் காதருகே வாயை வைத்தாள். மூச்சு வந்தது, பெயர் வரவில்லை.

வாயைத் திறந்தால் அவன் செத்துப்போவான், திறக்காவிட்டால் வரமாட்டான். இரண்டுக்கும் நடுவே நின்று அவள் செய்தது ஒன்று உண்டு. எங்கள் கரைப் பெண்ணைத் தவிர வேறு யாரும் அதைச் செய்திருக்கமாட்டார்கள். வயிற்றிலிருந்து குரலெடுத்து, “என்னங்க!” என்று ஆற்றைப் பார்த்துக் கத்தினாள்.

வேலிக்குள் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். “இதோ!” என்றார்கள். “வரேன்!” என்றார்கள். “இங்கதான் இருக்கேன்!” என்று ஒருவன் வேலியை உலுக்கினான். அத்தனை பேரையும் வீட்டில் அப்படித்தானே கூப்பிட்டிருப்பார்கள்? கரையில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். முரசறைவோனும் சிரிப்பை அடக்க முடியாமல் முரசைத் தட்டி அமைதி என்றான். அந்த இரைச்சலுக்கு நடுவே, முதலில் ஒரு செருமல், பிறகு மெதுவாக, “இந்தா” என்று ஒரு குரல் வந்தது.

சாத்தி அதைக் கேட்டாள். வேறு யாருக்கும் அது ஒரு பதிலாகவே படவில்லை. அதுதாங்க, அந்தக் குரல்தான் என்று மேடையிலேயே மண்டியிட்டாள். பெயரைச் சொல், ஓடம் இப்போதே வரும் என்றான் முரசறைவோன். பெயர் நாக்கின் நுனி வரை வந்து நின்றது. பொழுது சாய்ந்தது. முரசு அறைந்தார்கள். வேலிக்குள் இருந்தவர்களைத் தெற்கே உப்பளங்களுக்கு ஓட்டிச் சென்றார்கள். அந்தச் செருமல் இன்னொரு முறை கேட்குமா என்று இருட்டும்வரை அவள் அங்கேயே நின்றிருந்தாள்.

காய்ச்சல் தெளிந்து தமையன் ஓடி வந்தபோது துறை மூடிவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று அவர் அவளைக் கேட்கவில்லை. தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். அவருடைய மனைவி நின்றிருந்தாலும் அவர் பெயரைச் சொல்லியிருக்கமாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். ஊரோ அவளைக் கொண்டாடியது. புருஷன் போனாலும் போகட்டும் என்று குலப்பெருமையைக் காத்தவள் என்று கல்யாண வீடுகளில் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். புது மருமகள்களுக்கு அவளைக் காட்டிச் சொன்னார்கள். “அவுங்க புகழ்ந்தப்பல்லாம் சோத்துல மண்ணு விழுந்தாப்ல இருக்குங்க. ஒருத்தராச்சும் என்னைய வஞ்சிருந்தா நல்லா அழுதிருப்பேன்” என்றாள். அவன் இறந்திருப்பான் என்று சிலர் தாலியைக் கழற்றச் சொன்னதற்கு மட்டும் அவள் இசையவில்லை.

தாழை வளர்ந்தாள். சாத்தி அவளுக்கு எதையும் விளக்கவில்லை, மகள் காதுபட அந்தக் கதையைப் பேச ஊராரையும் விடவில்லை. அப்பா வருவார் என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அந்தப் பெண்ணோ புதுக்காலத்துப் பெண். ஏரியில் பரிசல் ஓட்டும் மயிந்தனை மணந்தவுடன், தெருக்கோடியிலிருந்தே “மயிந்தா, ஏய் மயிந்தா!” என்று கூவத் தொடங்கினாள். சாத்தி காதைப் பொத்திக்கொள்வாள். மகளின் தொடையைக் கிள்ளி, “அவன் ஆயுசக் கரைக்காதடி பாவி” என்பாள். “நாளெல்லாம் கூப்புடுறேன், எரும மாதிரிதான் இருக்கான், ஒண்ணும் கரையல” என்று மகள் சிரிப்பாள். அந்த மயிந்தனும் கூப்பிட்ட குரலுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பான்.

மறைக்காமல் எழுத வேண்டுமானால், சாத்திக்கு மகளிடம் கோபம் மட்டும் இல்லை. பொறாமையும் இருந்தது. சந்தையில் இளந்தகப்பன்மார் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு போவதைக் கண்டால், கொள்ள வந்த சாமானை மறந்து நின்றுவிடுவாளாம். இவ்வளவு எளிதாகவா இருந்தது, கையை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டியதுதானா என்று நினைப்பாளாம். அதே நேரத்தில், மகள் நாள் முழுவதும் அந்தப் பெயரைத் தெருவில் இறைக்கிறாளே, தன்னுள்ளே ஒரு பெயர் விதைநெல்லைப்போலத் தொடாமல் இருக்கிறதே என்று ஒரு கர்வமும் வரும். இரண்டும் ஒரே மனத்தில் இருந்தன. அவளே சொன்னாள்.

சென்ற மார்கழியில் ஒரு காலை, மயிந்தன் ஏரி நடுவில் இருக்கும்போது பனி இறங்கியது. கை நீட்டினால் விரல் தெரியாத பனி. பரிசல் சுழன்று திசை தப்பிவிட்டது. ஏரியின் மறுபக்கத்தில் மதகு திறந்திருந்தது, அதன் இழுப்பில் சிக்கினால் ஆள் மிஞ்சமாட்டான். ஊரார் கரை நெடுக நின்று ஓ, ஓ என்று கத்தினார்கள். ஓசை எல்லாப் பக்கமும் இருந்ததால் அவனுக்கு எந்தப் பக்கம் கரை என்றே தெரியவில்லை. அப்போது தாழை ஓடி வந்தாள். இடுப்பளவு நீரில் இறங்கி நின்று, “மயிந்தா!” என்று விடாமல் அழைத்தாள். பனிக்குள்ளிருந்து துடுப்பு ஓசை கேட்டது. பரிசல் நேராக அவள் மேலேயே வந்து முட்டியது.

கரையேறியவன் நடுங்கிக்கொண்டே சொன்னான்: “ஊரே கத்துச்சு, யாருக்குக் கத்துதுன்னு புரியல. இவ எம்பேரச் சொன்னா. அந்தப் பக்கம் திருப்புனேன்.”

சாத்தி அங்கேயே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். பெயர் சொன்னதால் ஓர் ஆள் பிழைத்து வந்ததைக் கண்ணால் பார்த்தாள். இத்தனை காலம் எதைக் காக்கிறோம் என்று எண்ணி வாயைக் கட்டினாளோ, அது அப்படி இல்லை என்று தெரிந்தது. அன்று மகளிடம் முதன்முதலாக எல்லாவற்றையும் சொன்னாள். துறையை, வேலியை, ‘இந்தா’வைச் சொன்னாள்.

தாழை கொதித்துப் போனாள். “ஒரு பேரும்மா! ஒரே ஒரு பேரு! அதச் சொல்லியிருந்தா எங்கப்பா எனக்கு இருந்திருப்பாரே!” என்று கத்தினாள். சாத்தி மறுக்கவில்லை. அழுது ஓய்ந்த மகள், சரி, நான் போய்க் கூப்பிடுகிறேன், எனக்கு அந்தப் பெயரைச் சொல்ல என்ன பயம் என்றாள். அதற்குச் சாத்தி சொன்னதை எழுதும்போது இந்தக் கிழவனுக்கு எழுத்தாணி கொஞ்சம் நின்றது. “நீ கூப்புட்டா உங்கப்பா வருவாருடி. ஆனா நான் கூப்புடலங்கறது அப்படியேதான இருக்கும்?”

ஆகவே அவள் கோமானின் வாயிலுக்கு வந்தாள்.

தங்கள் நாட்டின் தெற்குக் கோடியில் அழையார்குடி என்று ஒரு சேரி இருப்பதாக உப்பு வணிகர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்று யாரும் அழைக்காமல் நின்றுபோனவர்களுக்குத் தங்கள் தந்தையார் மனையும் உப்புப் பாத்தியும் தந்து வாழவைத்த இடம் அது. அந்த நன்றியை எங்கள் நாடு மறக்காது. அவர்களில் பலர், மனைவி மட்டும் தேடி வந்த ஆட்களாகவே இருக்கக்கூடும் என்று இப்போது தோன்றுகிறது. இருபது ஆண்டாக இது எங்களுக்குத் தோன்றாமல் போனது ஒரு வியப்புத்தான்.

உன் கணவன் பெயர் என்ன என்று கோமான் கேட்டார். தாழை வாயைத் திறந்தாள். சாத்தி பாய்ந்து மகளின் வாயைப் பொத்தினாள். “அது மொதமொதல்ல அவரு காதுலதாங்க விழணும்” என்றாள். நாணல்குடிக்கு ஆள் அனுப்பினால் பெயரை அரை நாளில் அறிந்து வரலாம் என்று ஓலைநாயகம் கெட்டிக்காரத்தனமாக எடுத்துரைத்தார். கோமான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் அடங்கினார். அவள் சொல்லாத பெயரை அரசாணையும் சொல்லாது என்றார். ஆகையால் இவ்வோலையில் அந்தப் பெயர் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வரி எழுதாமல் விடப்பட்டிருக்கிறது. ஓலையைக் கீறியவன் மறந்துவிட்டான் என்று எண்ண வேண்டாம்.

அவனுக்கு அங்கே மனைவி மக்கள் இருந்தால் என்ன செய்வாய் என்று அரசியார் கேட்டார். “இருந்தா நல்லாருக்கட்டும் தாயே. நான் கூப்புட்டது அவரு காதுல விழுந்தாப் போதும்” என்றாள். உன்னால் இப்போதாவது சொல்ல முடியுமா என்று ஓலைநாயகம் கேட்டார். “தெரியலீங்க. வீட்டுல தனியா இருந்து சொல்லிப் பாக்கலாம்னா, அதுவும் மொதல்ல சொன்னதா ஆயிருமே. ஆத்தங்கரையில நின்னாத்தான் தெரியும்” என்றாள்.

ஆகவே எழினித்தேவர் அருள்கூர்ந்து, வரும் கோடையில் ஆறு ஒடுங்கும் நாள் ஒன்றில் பழைய துறையை மீண்டும் திறந்து, அழையார்குடியில் உயிரோடு இருக்கும் எங்கள் கரையினர் அனைவரையும் தென்கரையில் வந்து நிற்கச் செய்ய வேண்டுகிறோம். இம்முறை பனைவேலி வேண்டாம். இவளைப்போல வேறு பெண்களும் வந்து நின்றால் அவர்களுக்கும் அப்பகல் உரியதாகட்டும். அவள் கணவன் இப்போது இல்லை என்று யாரேனும் அறிந்தாலும் அதை எழுதி அனுப்ப வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். அவள் அழைப்பாள். பதில் வராவிட்டால் அறிந்துகொள்வாள்.

இன்னும் ஒன்று. அழைக்கப்பட்டவன் அழைத்தவளின் பெயரைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது பழைய விதி. அவன் அவள் பெயரைச் சொல்லமாட்டான். ஒருநாளும் சொன்னவனல்லன். காலம் மாறியது இக்கரையில்தான். அவன் போன நாளோடு நின்றுபோனவன். ஆகவே நரைத்த ஒருவன் முன்னே வந்து, ஒரு செருமல் செருமி, “இந்தா” என்று மட்டும் சொல்வானாயின், அதையே அவள் பெயராக ஏற்று ஓடத்தை விடும்படி தங்கள் துறைக்காவலருக்கு ஆணையிட வேண்டும்.

இவ்வோலையைத் தாழையே கொண்டு வருகிறாள். மூட்டையைச் சுமந்துகொண்டு அவள் பின்னே மயிந்தன் வருவான். அவள் அவனைப் பெயர் சொல்லி அதட்டுவதைத் தங்கள் வாயிற்காவலர் குற்றமாகக் கொள்ளாதிருக்க. அவள் காலடியைத் தங்கள் நாட்டு மண் குளிர்ந்து ஏற்பதாக.

குவளை இலச்சினை இடப்பட்டது. கோமான் கண்டார். எழுதினான் ஓலைநாயகம் காடவிடங்கன்.

இதன் படி எங்கள் வடகரைத் துறைக்காவலனுக்கும் ஆணையாகச் செல்கிறது. அன்று சாத்தி மேடையேறி நின்றபின் கரையில் ஒருவரும் பேசலாகாது, சிரிக்கலாகாது. அவளுக்கு முதல் எழுத்தை எடுத்துக்கொடுக்கலாகாது. வெயில் ஏறினால் குடை பிடிக்க. அவள் வாய் திறவாமல் எவ்வளவு நேரம் நின்றாலும் நிற்கட்டும். முரசைத் துறைக்குக் கொண்டுவரவே வேண்டாம். அவள் அழைக்கும் வரை அன்று பொழுது சாயாது. இது ஆணை.